மெக்சிகோவில் ஒரு நாற்காலி ஊர்

மஞ்சள் வெட்டு நடந்துகிட்டு இருக்கறதால ராத்திரியில கொஞ்ச நேரம்தான் கிடைக்குது. போன வருசம் பங்குனியில பையன் வீட்டுக்கு மெக்சிகோ போய் ஒன்றரை மாசம் இருந்துட்டு வந்தேன்னு முன்னாடியே சொல்லியிருக்கேன். பையன் அங்க குவாதலஹாராங்கற பெரிய நகரத்துல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்கறான். அங்கிருந்து ஒரே நாள்ல போயிட்டு வந்த ஒரு ஊரைப் பத்தி எழுதுங்கன்னு மச்சான் ஒருத்தர் விடாம கேட்டுகிட்டே இருந்தாரு. ஊர் பேரு சகோவால்கோ தெ தோரெஸ். அது என் வாயில நுழையவே நாலு நாள் ஆச்சு.

அங்க போகணும்னு தோணினதுக்குக் காரணம் ஒரு நாற்காலி. குவாதலஹாராவுல பையன் கூட்டிட்டுப் போன சாப்பாட்டுக் கடை, ஓட்டல் வாசல் எங்க பாத்தாலும் ஒரே சாடையில ஒரு நாற்காலி போட்டிருந்தாங்க. நம்ம மோடா இருக்குதுல்ல, அதுக்கு முதுகு வச்ச மாதிரி. கீழ வட்டமா ஒரு வளையம், மேல வட்டமா ஒரு வளையம், ரெண்டுக்கும் நடுவுல பட்டைப் பட்டையா செதுக்கின குச்சிகளைக் குறுக்கும் மறுக்குமா வச்சு, பட்டிக்குப் படல் கட்டற மாதிரி கட்டியிருப்பாங்க. உக்கார்ற இடமும் முதுகும் தோல். கால்னு தனியா எதுவும் கிடையாது. உக்காந்தா அப்படியே ஆளை வாங்கிக்குது. ஒன்றரை மணி நேரம் உக்காந்து சாப்பிட்டுட்டு எந்திரிச்சேன், இடுப்பு வலிக்கல. எனக்கு இடுப்பு வலிக்கலைன்னா அது பெரிய விசயம்.

இதுக்குப் பேரு எகிபால். நகரத்துல த்லாகேபாக்கேங்கற பக்கம் கைவேலைச் சாமான் விக்கற கடை வரிசையா இருக்குது. அங்க ஒரு கடையில விலை கேட்டோம். கடைக்காரர் விலை சொல்றதுக்கு முன்னாடி கதை சொன்னாரு. "இது மொக்தேசுமா ராசா உக்காந்த சிம்மாசனம்"னு. அப்பறம் சொன்ன விலையும் சிம்மாசனத்துக்கு ஏத்த விலையாத்தான் இருந்துச்சு. எங்க செய்யறாங்கன்னு கேட்டதுக்கு, தெற்கால சகோவால்கோன்னாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை கிளம்பிட்டோம்.

குவாதலஹாராவுல இருந்து கொலீமா போற ரோட்டுல 60 கிலோமீட்டர் வாக்குல இருக்கும். நகரம் முடிஞ்சதும் மக்காச்சோளத் தட்டு அறுத்த காடு, கரும்பு, மேட்டுல நீல நிறத்துல கத்தாழை. பொறவு ரோட்டோரமா ஒரு பெரிய வெள்ளை வெளி வந்துச்சு. முதல்ல உப்பளம்னு நினைச்சேன். ஏரிங்கறான் பையன். மழைக்காலத்துல தண்ணி நிக்கும், வெயில் காலத்துல வத்திப்போய் வெள்ளையா பொரிஞ்சு கிடக்கும். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு கை மண்ணை எடுத்துப் பாத்தேன். நம்மூரு களர் நிலத்துல பூக்குமே அதே வெள்ளைதான். கண்ணு எரியற மாதிரி காத்து. இந்தப் பக்கத்து ஏரி உப்புக்காக ஸ்பானியக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே ஊரும் ஊரும் சண்டை போட்டிருக்குதுன்னு சொல்றாங்க. உப்புக்குச் சண்டை போட்டா நம்பலாம். தண்ணிக்கே போடறோம்.

ஊருக்குள்ள பெருசா பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. நடுவுல கோயிலு, முன்னாடி சதுக்கம், நிழலுக்கு மரம். ஆனா ரோட்டோரத்துல எகிபால் அடுக்கி வச்சிருக்கறதைப் பாத்தா சந்தைக்கு வந்த கூடை மாதிரி இருக்குது. ஒரு சந்துல திரும்பினதும் கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. கதவு திறந்திருந்துச்சு. உள்ள எழுபது வயசு இருக்கற ஒரு பெரியவர், பெயிண்ட் வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்துகிட்டு குச்சி சீவிகிட்டு இருந்தாரு. பையன் ஸ்பானியத்துல ஏதோ சொன்னான், "தோன்"னு மரியாதையா கூப்பிட்டு. எங்க அப்பா விவசாயி, இந்தியாவுல இருந்து வந்திருக்காருன்னு சொல்லியிருப்பான் போல. பெரியவர் கையைத் துடைச்சுட்டு வந்து என் கையைப் புடிச்சுத் திருப்பிப் பாத்தாரு. காய்ப்பு இருக்குதான்னு பாக்கறாரு! இருந்துச்சு. சிரிச்சுட்டு உள்ள வரச் சொல்லிட்டாரு.

வேலை நடக்கறதை மூணு மணி நேரம் பாத்தேன். குச்சிக்குப் பெரும்பாலும் பாலோ துல்சேங்கற மரம். பேருக்கு அர்த்தம் இனிப்பு மரம். பச்சையா இருக்கறப்பவே பிளந்து, அரிவாள்ல சீவி, பட்டையாக்கறாங்க. வளையத்துக்கு வளையற குச்சி வேற. அதைக் கம்மங்கூடை விளிம்பு வளைக்கற மாதிரி வளைச்சுக் கட்டிக் காயப்போடறாங்க. கட்டறதுக்குக் கத்தாழை நாரு. இப்ப அங்கங்க சின்ன ஆணியும் அடிச்சுக்கறாங்க. பன்னித்தோலையோ மாட்டுத்தோலையோ நனைச்சு இழுத்துக் கட்டிடுவாங்க. காயறப்ப அது சுருங்கி, பறைத்தோல் மாதிரி விண்ணுனு ஏறிக்கும். பெரியவரோட மருமக ஓரமா உக்காந்து தோலை வெட்டிகிட்டு இருந்துச்சு. அந்தப் புள்ளை தலை நிமிரவே இல்ல.

நான் மெதுவா பையன்கிட்ட, "ராசா சிம்மாசனமாமே, கேளு"ன்னேன். பெரியவர் சிரிச்சாரு. "கடைக்காரங்க சொல்றாங்க. நானும் ராசாவைப் பாத்ததில்ல"ன்னாரு.

அந்தப் பேச்சுதான் ஊருக்கு வந்த பின்னாடியும் மனசுல நின்னுச்சு. அதனால பையன் அனுப்பின புத்தகம், படம், கட்டுரை எல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். புரியாததை அவன்கிட்ட போன்ல கேட்டுகிட்டேன். அதைத்தான் இனி எழுதறேன்.

முதல்ல கடைக்காரர் சொன்னதுல எது நெசம்னு பாப்போம். எகிபால்ங்கற பேரு இக்பல்லிங்கற சொல்லுல இருந்து வந்துச்சு. இது நாவாட்டில் மொழி. மெக்சிகோ நகரம் இருக்கற இடத்துல ஆண்ட ஆஸ்டெக்குகள் பேசினது. ராசாவுங்க உக்கார்ற முதுகு வச்ச இருக்கைக்கு அவங்க வச்ச பேரு இக்பல்லி. ஆனா அது மரமும் இல்ல, பன்னித்தோலும் இல்ல. ஏரிக்கரைக் கோரையில பின்னினது. கீழ காலே கிடையாது, தரையோடு தரையா இருக்கும். மேல சிறுத்தை மாதிரி புள்ளி போட்ட ஹாகுவார் தோலை விரிப்பாங்க. அந்த மொழியில "பாயும் இருக்கையும்"னு சேத்துச் சொன்னா ஆட்சி, அதிகாரம்னு அர்த்தமாம். படிச்சதும் எனக்கு நம்ம "அரசு கட்டில்" ஞாபகம் வந்துச்சு. நாமளும் ஆட்சிக்கு வந்தான்னு சொல்ல கட்டில் ஏறினான்னுதானே சொல்லியிருக்கோம். ஆக, பேரு ராசாவோடதுதான். அதுல கடைக்காரர் பொய் சொல்லல.

இந்த இக்பல்லியோட படம் ஒரு பழைய ஏட்டுல இருக்குது. மெந்தோசா ஏடுன்னு பேரு. ஸ்பானியக்காரங்க ஆஸ்டெக் தலைநகரத்தைப் புடிச்சது 1521. அதுக்கு இருபது வருசம் கழிச்சு, 1541 வாக்குல, உள்ளூர் ஓவியருங்களை வச்சு இதை வரைய வச்சாங்க. ராசா பேரு, புடிச்ச ஊரு, வந்த வரி எல்லாம் படத்துல. ஸ்பெயின் ராசாவுக்கு அனுப்பின கப்பலை பிரெஞ்சுக் கொள்ளைக்காரங்க மறிச்சுப் புடிச்சுட்டாங்களாம். அப்பறம் அது கை மாறிக் கை மாறி இங்கிலாந்துல ஆக்ஸ்போர்டு நூலகத்துக்குப் போயிருச்சு. 1659ல இருந்து அங்கதான் இருக்குது. மெக்சிகோக்காரங்க சொந்தக் கணக்குப் புத்தகத்தைப் பாக்கணும்னா கடல் தாண்டிப் போகணும்.

அந்த ஏட்டுல ராசா உக்காந்திருக்கற படத்தை எல்லாரும் பாக்கறாங்க, அட்டையில போடறாங்க. எனக்கு முக்கியமாப் பட்டது வரிப் பக்கம். குவாவ்தித்லான்னு ஒரு பகுதி. அந்தப் பகுதி ஊருங்க கட்ட வேண்டிய வரியில 4,000 பாயும் 4,000 முதுகு வச்ச இருக்கையும் இருக்குது. அவங்க எண்ணிக்கை இருபது இருபதா போகும். இருபது இருபது 400, அதுக்கு ஒரு தலைமுடிக் கத்தை மாதிரி குறி. அப்படிப் பத்துக் குறி போட்டா 4,000. படத்துல ஒரு பாயி, ஒரு இருக்கை, அதுங்க தலையில பத்துப் பத்துக் குறி. அவ்வளவுதான். கோரையை அறுத்தது யாரு, எத்தனை பேரு ராத்திரி விளக்கு வெளிச்சத்துல பின்னினாங்க, அதுல ஒண்ணுலயாவது பின்னினவன் உக்காந்தானா, அதுக்கெல்லாம் குறி கிடையாது. சாதாரணக் குடியானவன் அங்க பாய் மேலயோ தரையிலயோதான் உக்காந்தான்.

இது வெளிநாட்டுக் கதைன்னு தள்ளிட்டுப் போக என்னால முடியலீங்க. எங்க அப்பா ஒரு வேப்பமர நாற்காலி செய்யச் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. ஆசாரி வீட்டுல இருந்து அதைத் தலையில வச்சு ரெண்டு மைல் தூக்கிட்டு வந்தது எங்க பண்ணையத்துல இருந்த பெரியவர். திண்ணையில இறக்கி வச்சுட்டு வாசல்ல குத்த வச்சு உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சாரு. செஞ்ச ஆசாரியும் காசு வாங்க வந்தப்ப திண்ணையோரத்துலதான் உக்காந்தாரு. அந்தப் பண்ணையத்துப் பெரியவர் சாகற வரைக்கும் அந்த நாற்காலியில உக்காந்து நான் பாத்ததில்ல. "உக்காருங்க"ன்னு நான் சொன்னதும் இல்ல. பத்தாவது படிச்சிருந்தேன், சமத்துவம்னு கட்டுரை எழுதி மார்க்கு வாங்கியிருந்தேன். இருந்தும் சொல்லல.

சரி, சகோவால்கோவுக்கு வர்றேன். கடைக்காரர் கதையில ஒரு ஓட்டை இருக்குது. மொக்தேசுமாவோட ஆட்சி இந்த மேற்குப் பக்கம் வரவே இல்ல. அவங்க வரி வாங்கின எல்லைக்கு வெளியில இருந்த ஊரு இது. அப்படின்னா இந்த ஊரு நாற்காலிக்கு ராசா பேரு இருக்கலாம், வம்சம் வேற.

வம்சம் எங்கன்னு தேடினா வடக்கு ஹாலிஸ்கோ மலையில ஒரு துப்பு இருக்குது. அங்க விஷாரிகான்னு ஒரு பழங்குடி. வெளியாளுங்க ஊய்ச்சோல்னு சொல்லுவாங்க. அவங்க பூசாரி உக்கார்ற நாற்காலிக்கு உவேனின்னு பேரு. படம் பாத்தேன், அச்சு அசலா எகிபாலோட அண்ணன் மாதிரியே இருக்குது. வட்ட அடி, குறுக்குக் குச்சி, வளைஞ்ச முதுகு. நார்வே நாட்டுல இருந்து வந்த கார்ல் லும்ஹோல்ட்ஸ்ங்கறவர் 1890கள்ல அவங்களோட தங்கி, இந்த நாற்காலியை எல்லாம் படம் போட்டு எழுதி வச்சிருக்காரு. சாமிக்குன்னு கையளவுல குட்டி நாற்காலி செஞ்சு படைப்பாங்களாம். நம்ம ஐயனாருக்கு மண்குதிரை வைக்கறாப்பல. அந்தச் சாமி வந்து உக்காரணும்ல.

எனக்குப் படறது இதுதான். மலைக்காட்டுல கிடைக்கற குச்சியையும் நாரையும் வச்சு இந்தப் பக்கத்து சனம் தங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒரு இருக்கை செஞ்சிருக்காங்க. ஸ்பானியக்காரங்க வந்த பொறவு நாவாட்டில் மொழி இந்தப் பக்கமெல்லாம் பொதுமொழி மாதிரி பரவுச்சு, அதோட இக்பல்லிங்கற பேரும் வந்து ஒட்டிகிச்சு. இது என் யூகம்தான். படிச்சவங்க வேற மாதிரி சொன்னா கேட்டுக்கறேன்.

தோல் விசயத்துல யூகமே வேண்டாம். பன்னியும் மாடும் அந்தக் கண்டத்துலயே கிடையாது. ரெண்டும் ஸ்பானியக்காரங்க கப்பல்ல வந்து இறங்கினது. மேற்கு மெக்சிகோவை 1530ல நூனியோ தெ குஸ்மான்னு ஒருத்தன் படையோட வந்து புடிச்சான். சொந்த நாட்டுக்காரங்களே அவனைக் கொடூரன்னு எழுதி வச்சிருக்காங்க, அவ்வளவு ஊரை எரிச்சிருக்கான். 1540ல மலைசனம் திரும்பி எழுந்து ரெண்டு வருசம் போராடித் தோத்தாங்க. குவாதலஹாரா இப்ப இருக்கற இடத்துல நிலைச்சதே அந்தப் போர் முடியற 1542ல. அப்பறம் மாட்டுப் பண்ணையும் பன்னியும் பெருகிச்சு. ஹாகுவார் தோல் இருந்த இடத்துக்குப் பன்னித்தோல் வந்துச்சு. நாற்காலியிலயும் ரெண்டு சாதி ஆயிருச்சு. 1565ல வரைஞ்ச ஓசுனா ஏடுன்னு ஒண்ணு இருக்குது. அதுல ஸ்பானிய அதிகாரிங்க கை வச்ச மர நாற்காலியில உக்காந்திருக்காங்க. யாரு பெரியவன்னு தெரிஞ்சுக்க முகத்தைப் பாக்க வேண்டியதில்ல, கீழ என்ன போட்டிருக்குன்னு பாத்தாப் போதும்.

ஊரு பேருல கடைசியா வர்ற தோரெஸ் யாருன்னு பெரியவர்கிட்ட கேட்டேன். நம்ம மாதிரி காட்டு வேலைக்காரர்தான்னு சொன்னாரு. தேடிப் பாத்தா கிட்டத்தட்ட சரிதான். ஹோசே அந்தோனியோ தோரெஸ், ஒரு பெரிய பண்ணையில மேஸ்திரியா இருந்தவர். பெரிய படிப்பு கிடையாது. 1810 செப்டம்பர் 16ம் தேதி மிகேல் இதால்கோங்கற பாதிரியார் ஸ்பெயினுக்கு எதிரா மணியடிச்சு ஆளைக் கூட்டினப்ப, இவர் போய், குவாதலஹாராவை நான் புடிச்சுத் தர்றேன், எனக்கு உத்தரவு கொடுங்கன்னு கேட்டிருக்காரு. உத்தரவு கிடைச்சுது. நவம்பர் 4ம் தேதி இந்தச் சகோவால்கோ பக்கத்துலதான் மோதல். எதிர்ல வந்த படையில குவாதலஹாரா வியாபாரி வீட்டுப் பையனுங்க நெறையப் பேரு, துப்பாக்கியோட. இவர் பக்கம் ஊருச் சனம், கையில கவணும் கல்லும். நான் சின்ன வயசுல சோளக்காட்டுல கிளி ஓட்ட வச்சிருந்தேனே, அதே கவண். அந்தக் கல்லு மழையில துப்பாக்கிப் படை தோத்துருச்சு. ஒரே வாரத்துல, நவம்பர் 11ம் தேதி, அந்த மேஸ்திரி குவாதலஹாராவுக்குள்ள நுழைஞ்சாரு.

இதால்கோவும் பின்னாடியே வந்தாரு. டிசம்பர் 5ம் தேதி போட்ட ஒரு உத்தரவை நான் ரெண்டு தடவை படிச்சேன். ஊருச் சனத்தோட பொது நிலத்தை இனிமே யாருக்கும் குத்தகைக்கு விடக்கூடாது, அந்தந்த ஊர்க்காரங்களே உழுதுக்கணும்னு. அடுத்த நாள், டிசம்பர் 6, அடிமை முறையை ஒழிச்சு, பழங்குடி சனம் தலைக்கு இவ்வளவுன்னு கட்டிகிட்டு வந்த வரியையும் நிறுத்தி உத்தரவு. 4,000 இருக்கை கட்டின காலத்துல இருந்து ராசா மாறினாலும் வரி மட்டும் மாறாம வந்ததை ஒருத்தர் காகிதத்துலயாவது நிறுத்தினாரு. காகிதத்துலதான். 1811 சனவரி 17ம் தேதி கால்தெரோன் பாலத்துச் சண்டையில தோத்தாங்க, அதே வருசம் இதால்கோவைச் சுட்டுட்டாங்க. தோரெசை 1812ல புடிச்சு, மே 23ம் தேதி குவாதலஹாராவுல தூக்குல போட்டு, உடம்பை நாலா வெட்டினாங்க. வலது கையோட சேந்த துண்டை சகோவால்கோவுக்கு அனுப்பி கம்பத்துல மாட்டச் சொல்லித் தீர்ப்பு. கவண் எடுத்த சனம் பாத்துப் பயப்படணும்னு. இப்ப ஊரே அவர் பேருலதான் இருக்குது.

நிலத்து கதை அப்பறமும் நீளுது, நான் சுருக்கிடறேன். 1821ல விடுதலை வந்துச்சு. 1856ல சொந்த அரசாங்கமே ஒரு சட்டம் போட்டு ஊருப் பொது நிலங்களைத் தனி ஆளுக்குப் பிரிச்சு விக்கச் சொல்லிருச்சு, காசு இருந்தவன் வாங்கிகிட்டான். 1910 புரட்சிக்குப் பொறவு 1917 அரசியல் சட்டத்துல 27வது பிரிவுன்னு வச்சு, ஊருக்குக் கூட்டா நிலம் கொடுக்கற எஹிதோ முறை வந்துச்சு. 1992ல அந்தப் பிரிவையே மாத்தி, எஹிதோ நிலத்தையும் விக்கலாம்னு வழி பண்ணிட்டாங்க. 1994ல அமெரிக்காவோட வியாபார ஒப்பந்தம் வந்து அங்கத்து மக்காச்சோளம் மலிவா இறங்க, விலை விழுந்துச்சு. பெரியவருக்கும் எஹிதோவுல துண்டு நிலம் இருக்குது. மழையில சோளம், வெயில்ல நாற்காலி. பெரிய மகன் வடக்க எல்லை தாண்டிப் போயிட்டான். "சோளத்துல நட்டம், நாற்காலியில கூலி, மகன் அனுப்பறதுல சாப்பாடு"ன்னு விரல் விட்டுக் காமிச்சாரு. பையன் மொழிபெயர்க்கறதுக்கு முன்னாடியே எனக்குப் புரிஞ்சிருச்சு.

மரத்தைப் பத்திச் சொல்லாம விட்டா என் தூக்கம் கெட்டுரும். பாலோ துல்சே நம்ம அகத்தி, வேங்கை, புங்கன் எல்லாம் இருக்கற பயறு குடும்பத்து மரம். பெரிய மரமா போகாது. வறண்ட மலையிலயும் நிக்கும், ஆடு தழையைத் திங்கும், வெள்ளைப் பூவுல தேனீ மொய்க்கும். நம்ம கொறங்காட்டுக்கு ஏத்த மரம். பெரியவர் சீவின சிராயில ஒரு கைப்பிடி எடுத்து கண்ணாடி டம்ளர்ல போட்டுத் தண்ணி ஊத்தி வச்சாரு. கொஞ்ச நேரங்கழிச்சு முத்தத்து வெயில்ல தூக்கிப் புடிச்சாரு. ஊடால பாத்தா தேன் நிறம். சாய்ச்சுப் பாத்தா ஓரமெல்லாம் நீலம், மயில் கழுத்து நீலம். என் பேரன் கத்திட்டான்.

இது சும்மா வேடிக்கை இல்லீங்க. 16ம் நூற்றாண்டுல சாகுன்ங்கற பாதிரியார் நாவாட்டில் சனத்துகிட்ட கேட்டு எழுதினப்பவே இந்த மரத்தைப் போட்டா தண்ணி நீலமாகும்னு குறிச்சிருக்காரு. அவங்க இதைச் சிறுநீரகக் கோளாறுக்குக் குடிச்சாங்க. 1565ல செவில் நகரத்து வைத்தியர் மொனார்தெஸ் புத்தகத்துல போட்டாரு. பொறவு ஐரோப்பாவுல பெரிய வீட்டுக்காரங்க எல்லாம் இந்த மரக் குவளை வாங்கி நீலத் தண்ணி குடிச்சிருக்காங்க. மெக்சிகோ மரத்தோட பிலிப்பைன்ஸ் மரமும் கலந்து போயிருக்குது, அது நம்ம வேங்கை இனத்து மரம். எங்க சம்மந்தி வீட்டுல சர்க்கரைக்காக ராத்திரி தண்ணி ஊத்தி வைக்கற வேங்கைக் குவளைக்கு இது பங்காளி முறை! அந்த நீலம் ஏன் வருதுன்னு விஞ்ஞானிங்க ரொம்ப நாள் மண்டையை உடைச்சுகிட்டாங்க. இந்த மாதிரி ஒளிர்றதுக்கு ஸ்டோக்ஸ்ங்கறவர் பேரு வச்சது 1852ல. தண்ணியில எந்தச் சத்து அப்படி ஒளிருதுன்னு கண்டுபுடிச்சு எழுதினது 2009ல. டியூப் லைட்டு வெள்ளையா எரியறதும் இதே சங்கதிதான்னு பையன் சொன்னான். ராசா கதை சொன்ன கடைக்காரர் இதைச் சொல்லவே இல்ல. அவருக்குத் தெரிஞ்சிருக்காது. சிராய் அவர் கடைக்கு வர்றதில்லையே.

இந்த மரத்துக்கு இப்ப ரொம்ப தூரம் போக வேண்டியிருக்குன்னு பெரியவர் சொன்னாரு. முன்னாடி அவங்க அப்பா காலையில கழுதையோட மலைக்குப் போனா மத்தியானச் சோத்துக்கு வந்துருவாராம். இப்ப வேற ஊருல இருந்து கட்டு கட்டா விலைக்கு வருது. சீக்கிரம் வளர்ற மரமும் இல்ல. அறுத்த இடத்துல நடறாங்களான்னு கேட்டேன். "யாரு மலைன்னு தெரிஞ்சாத்தானே நடலாம்"னாரு. அதுக்கு மேல நான் கேட்டுக்கல.

கிளம்பறப்ப பேரனுக்கு ஒரு சின்ன எகிபால் வாங்கினோம். பெரியவர் சொன்ன விலை நகரத்துக் கடையில கேட்டதுல பாதி கூட வராது. நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? பழக்க தோசத்துல, இன்னும் கொஞ்சம் குறைச்சுக் கேளுடான்னு பையன்கிட்ட சொல்லிட்டேன். மண்டியில என் மஞ்சளுக்கு விலை கேக்கறப்ப எந்த வார்த்தை எனக்கு எரியுமோ அதே வார்த்தை. பையன் கேக்கல, என்னைப் பாத்தான். பெரியவருக்குத் தமிழ் தெரியாதுதான், ஆனா விலை குறைக்கற மூஞ்சி எந்த ஊருலயும் ஒரே மூஞ்சிதானே. அவர் ஒண்ணும் சொல்லாம நாற்காலியைத் திருப்பி, அடியில இருந்த கட்டு ஒண்ணை அவுத்து மறுபடி இறுக்கிக் கட்டிக் கொடுத்தாரு. சொன்ன விலையைக் கொடுத்துட்டோம்.

போட்டோ எடுக்கலாம்னு, அங்க முடிச்சு வச்சிருந்த பெரிய எகிபால் ஒண்ணை இழுத்துப் போட்டு "நீங்க உக்காருங்க"ன்னேன். தோல் இன்னும் காயலை, ஆர்டர் சாமான், குழி விழுந்துரும்னு சொல்லிட்டு அவர் அந்த வாளி மேலயே உக்காந்தாரு. எனக்கு ஒரு வாளியைக் கவுத்துப் போட்டாரு. மருமகப் புள்ளைதான் எங்க ரெண்டு பேரையும் படம் எடுத்துச்சு. படம் கொஞ்சம் ஆடியிருக்குது.

பேரன் அந்த நாற்காலியில இப்ப உக்கார்றதில்லையாம், வீட்டுப் பூனை உக்காந்துக்குதாம். அங்க பாத்த மக்காச்சோளக் காட்டைப் பத்தியும், சோளத்தோட ஊடால பீன்சும் பூசணியும் சேத்துப் போடற முறையைப் பத்தியும் மஞ்சள் வேக வச்சு முடிச்ச பிறகு எழுதறேன். நாளைக்குக் கொப்பரை வருது, விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிக்கணும்.